மட்டக்களப்பில் தேத்தண்ணி குடிக்காமல் இருப்பது எப்படி

கொழும்பில் நாலு வருசம் வேலை செய்துவிட்டு வாழைச்சேனைக்குத் திரும்பிய ஒரு தம்பி போன மாசம் எனக்குக் கோல் எடுத்தார். அங்கே எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர். எங்கள் சபையில் தேத்தண்ணி ஆகாது. "அண்ணன், நோன்பு, தசமபாகம் எல்லாம் எப்படியோ சமாளிச்சிருவன். இந்தத் தேத்தண்ணிக்கு என்ன செய்யிற?" என்றார். ஊருக்கு வந்து மூன்றாம் நாள். அன்று காலையில் மட்டும் நாலு வீட்டில் கோப்பையைத் தட்டியிருக்கிறார். நாலாவது, அவருடைய மாமி வீடு. மாமி அடுப்படிக்குள் போய் அழுதாவாம்.

போனில் அரை மணித்தியாலம் சொன்னேன். போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வயரிங் வேலை செய்பவன். வீடு செட்டிபாளையம். களுவாஞ்சிக்குடியில் இருந்து காத்தான்குடி வரைக்கும், ஆற்றுக்கு அங்கால படுவான்கரையிலும் வேலைக்குப் போவேன். வயரிங்காரனுக்குப் பத்து மணித் தேத்தண்ணியும் நாலு மணித் தேத்தண்ணியும் கூலியோடு சேர்ந்தவை. வீட்டுக்காரர் பேசிய காசில் ஐந்நூறைக் குறைத்தாலும் குறைப்பார்கள், தேத்தண்ணியில் கை வைக்கமாட்டார்கள். இங்கே அந்தத் தொழிலில் 2010இல் இருந்து ஒரு மிடறு தேயிலைச் சாயம் படாமல் இருந்திருக்கிறேன். பிழைகள் நிறைய விட்டுத்தான் பழகினேன். அந்தப் பிழைகளை நீங்கள் திரும்ப விடத் தேவையில்லை.

எங்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. உலகம் மோர்மன் என்று சொல்லும். அப்போது தலைவராக இருந்த ரசல் நெல்சன், 2018இல், அந்தப் பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப்பெயரைப் பாவியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நியாயம்தான். ஆனால் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு அந்தப் பெயரை முழுசாகச் சொல்லிப் பாருங்கள், கீழே பிடித்துக்கொண்டிருப்பவர் ஏணியை விட்டுவிடுவார். ஊரில் கேட்டால் நான் "வேதம்தான் அக்கா, ஆனா வேற சபை" என்பேன். வேதம் என்றால் இங்கே கிறிஸ்தவம். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த போதகர் கரையிறங்கிய ஊர் இது. அதற்கு முதலே கத்தோலிக்கர் இருந்தார்கள். இன்னொரு வேதம் வந்ததென்று இங்கே யாரும் மயங்கி விழப்போவதில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றால்தான் விழுவார்கள்.

எது ஆகும், எது ஆகாது

முதலில் இதை நீங்களே தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். அரைகுறையாக விளங்கினவன்தான் வீட்டு வாசலில் தடுமாறுவான்.

1833 பெப்ரவரி 27இல், ஒகாயோ மாநிலத்துக் கேர்ட்லண்டில், ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த வெளிப்படுத்தலில்தான் இது வருகிறது. மது, புகையிலை, 'சூடான பானங்கள்' ஆகிய மூன்றும் வேண்டாம். சூடான பானம் என்றால் கோப்பியும் தேயிலையும் என்று அந்தக் காலத்திலேயே விளக்கம் சொல்லிவிட்டார்கள். சூட்டோடு எங்களுக்குப் பகை இல்லை, செடியோடுதான். ஆகவே ஆறவைத்த தேத்தண்ணியும், ஐஸ் போட்டதும், கிறீன் ரீயும் ஆகாது. கொதிக்கக் கொதிக்க மல்லித்தண்ணி குடிக்கலாம். சுக்குத்தண்ணி, மைலோ, நெஸ்ரமோல்ட், சமஹன், சோடா எல்லாம் ஆகும். இரண்டு பொறி இருக்கிறது. சுக்குக் கோப்பி என்று தந்தால் அதற்குள் கோப்பித்தூள் இருக்கும். இஞ்சிப் பிளேன்ரீ என்று சொல்லாமல் 'இஞ்சித்தண்ணி' என்றே தருவார்கள், உள்ளே சாயம் நிற்கும். நிறத்தைப் பாருங்கள்.

1833இல் நம் நாட்டில் தேயிலைத் தோட்டமே இல்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டது 1867இல். என் அம்மம்மாவின் அம்மம்மா பழஞ்சோற்றுத் தண்ணியும் மல்லித்தண்ணியும் குடித்துத்தான் வயல் வெட்டியிருப்பா. இதை நான் ஒரு பெரியவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப ஒரு பிளேன்ரீ குடிச்சிற்றுச் சொல்லு மனே, நல்லாத்தான் கதைக்காய்" என்றார். ஆகவே வரலாறு சொல்லி வெல்லப் பார்க்காதீர்கள்.

மறுக்கும் வேலை

பொய் சொல்லாதீர்கள். பாவம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, பொய் வேலை செய்யாது. ஊருக்கு வந்த புதிதில் நான் "கேஸ்ரிக் அக்கா, தேத்தண்ணி ஒத்துவராது" என்று ஒரு வீட்டில் சொன்னேன். அடுத்த வேலை வீட்டில் நான் போகுமுன்னமே வெந்தயம் ஊறப்போட்டிருந்தது. மூன்றாம் வீட்டில், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மகள் என்னைக் கதிரையில் இருத்தி, எவ்வளவு காலம், சாப்பிட முதலா பிறகா நோகுது, குழாய் விட்டுப் பார்த்ததா என்று கேட்கத் தொடங்கினாள். ஒரு கிழமைக்குள் எனக்குக் குடல் புண் என்று என் மனைவியின் ஊர் வரை போய்விட்டது. மாமியார் முட்டி நிறைய எருமைத் தயிரோடு வந்து இறங்கினா. தயிர் நன்றாகத்தான் இருந்தது.

"எங்கட சபையில கூடாது" என்று முதல் வசனமாகவும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் வீட்டுக்காரி தன் தேத்தண்ணியில் அழுக்கு இருப்பதாகச் சொன்னதுபோல் பார்ப்பா. சபையைப் பற்றிக் கேட்டால் பிறகு சொல்லலாம். கேட்காவிட்டால் இன்னும் நல்லது.

இதற்கெல்லாம் கீழே வேறொன்று இருக்கிறது. அந்தத் தம்பிக்கு நான் போனில் முக்கால்வாசி நேரம் சொன்னது இதைத்தான்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டில் புதுக்கறண்ட் எடுத்தார்கள். இரண்டு அறை, ஒரு குசினி, ஏழு லைற்று, மூன்று பிளக். வீட்டுத் தகப்பன் வயதானவர், கூலிக்கு வயல் செய்பவர். பத்து மணிக்கு அவரே வெளியே வந்து, கழுவித் துடைத்த கிளாசில் தேத்தண்ணியை இரண்டு கையாலும் நீட்டினார். நான் ஏணியில் நின்றபடியே "வேணாம் ஐயா" என்றேன். அவர் முகம் மாறிற்று. கிளாசைத் திண்ணையில் வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காதமாதிரிக் கேட்டார்: "எங்கட வீட்ட நீங்க வாய் நனைக்க மாட்டீங்களோ?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. இந்த ஊரில் ஒரு வீட்டில் தேத்தண்ணி வேண்டாம் என்பதற்கு ஒரு பழைய அர்த்தம் இருக்கிறது. யார் வீட்டில் யார் தண்ணி குடிப்பார்கள், யார் வீட்டில் செம்பைத் தொடாமல் எழும்பிப் போவார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் அவருடைய வீட்டை நான் கீழே எழுதிவிட்டேன் என்று அவர் நினைத்தார். 1833, ஒகாயோ எதையும் அந்தத் திண்ணையில் வைத்து விளக்க முடியாது. இறங்கி வந்தேன். "தேத்தண்ணி மட்டும்தான் குடிக்கிறல்ல ஐயா. பசிக்குது, சோறு இரிக்கா?" என்று கேட்டேன். பத்து மணிக்கு. அவர் மனைவி பழஞ்சோற்றில் தயிரும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து தந்தா. அவருடைய கோப்பையிலேயே தின்றேன்.

அன்றிலிருந்து என் முறை இதுதான்: தேத்தண்ணியை விடுகிறவன் அந்த வீட்டில் வேறெதையாவது வாங்க வேண்டும், அதுவும் கேட்டு வாங்க வேண்டும். அடுப்பு மூட்டுமுன் கேட்க வேண்டும். போட்டுக் கொண்டுவந்த பிறகு மறுப்பது, பரிமாறிய இலையை மடிப்பதுதான். நான் வேலைக்குப் போனதும் கருவிப் பெட்டியைத் திறக்குமுன் சொல்லிவிடுவேன்: "அக்கா, எனக்குச் சுடுதண்ணி மட்டும் வையுங்க. பூ கொண்டாந்திரிக்கன்." பெட்டியில் கறண்ட் பார்க்கும் ரெஸ்ரருக்குப் பக்கத்தில் ஒரு ஜாம் போத்தல். அதற்குள் காய்ந்த வில்வம்பூ. ஒரு பிடியை அள்ளிக் கொடுத்தால் அக்காவுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. கொதிக்க வைக்க வேண்டும், வடிக்க வேண்டும், சீனியா கருப்பட்டியா என்று கேட்க வேண்டும். மறுகா "இது என்னத்துக்கு நல்லது?" என்று தொடங்குவா. உபசரிப்பு முடிந்தது, ஒருவருக்கும் முகம் கறுக்கவில்லை.

வில்வம்பூ வந்த வழி

அந்தப் பூவை எனக்குப் பழக்கினது ஒரு சிங்கள வீடு. 2008. கொழும்பில் ஒரு மாடிக்கட்டடத்தில் குழாய் பதிக்கிற வேலை. மட்டக்களப்பு விலாசத்தோடு அடையாள அட்டை வைத்திருப்பவன் யுத்தம் நடந்த அந்த வருசம் கொழும்பில் எப்படி நடந்திருப்பான் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பொலிஸ் பதிவுத் துண்டு சேட்டுப் பொக்கற்றில், அட்டை இன்னொரு பொக்கற்றில். இரவு எட்டு மணிக்குப் பிறகு கடைக்குக்கூட இறங்கமாட்டேன்.

எங்கள் மேற்பார்வையாளர் சிங்களவர். ஒரு திங்கட்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார். திங்கள் இரவை எங்கள் சபைக் குடும்பங்கள் வீட்டுக்கென்று ஒதுக்கும் வழக்கம் அப்போது எனக்குத் தெரியாது. போனேன். வரவேற்றார்கள், இருத்தினார்கள், பிள்ளைகள் பாட்டுப் படித்தார்கள். அரை மணித்தியாலமாகியும் தேத்தண்ணி வரவில்லை. எனக்குள் எரிந்தது. தமிழனுக்கு ஒரு தேத்தண்ணி தர மனம் வரவில்லை, பிறகு எதற்குக் கூப்பிட்டார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கொக்கட்டிச்சோலைப் பெரியவர் என்னைப் பற்றி நினைத்ததைத்தான் நான் அன்றைக்கு அவர்களைப் பற்றி நினைத்திருக்கிறேன். பிறகு அந்த அம்மா ஒரு தட்டில் பாற்சோறும், மஞ்சளாக ஒரு தண்ணியும் கொண்டுவந்து வைத்தா. பெலிமல் என்றா. வாசம் மூக்கில் ஏறியது. இரண்டு கோப்பை குடித்தேன்.

அந்த வருசக் கடைசியில் ஞானஸ்நானம் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை, அது வழிகாட்டியில் அடங்காது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்ல வேண்டும். மாசத்து முதல் ஞாயிறு எங்களுக்கு நோன்பு. அன்று பிரசங்கம் ஒழுங்குபண்ணுவதில்லை, யாரும் எழும்பிப் போய்த் தன் சாட்சியைச் சொல்லலாம். வயதான ஒரு சிங்களச் சகோதரர் போய் நின்றார். இராணுவத்தில் இருந்த மகன் வடக்கில் செத்து மூன்று மாசம். அதைச் சொல்லிவிட்டு வேறொன்றும் சொல்லாமல் நின்றார், பிறகு வந்து இருந்தார். 1990இல் என் மாமா ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றுவரை வரவில்லை. கூட்டிக்கொண்டு போனவர்கள் போட்டிருந்ததும் அதே உடுப்புத்தான். கூட்டம் முடிந்ததும் அவரும் நானும்தான் கடைசி வரிசையில் நின்றோம். என்ன சொல்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நோன்பு, குடிக்கக் கொடுக்கவும் ஒன்றுமில்லை. கதிரைகளை மடித்து அடுக்கினோம். அவர் மடித்தார், நான் சுவரோடு சாத்தினேன்.

ஊருக்கு வரும்போது உதயதேவி ரயிலில் ஒரு கிலோ பெலிமல் கொண்டுவந்தேன். அம்மா பொதியை அவிழ்த்து முகர்ந்து பார்த்தா. "இது வில்வம்பூவெல்லோ? சிவனுக்குரியதெல்லோ?" என்றா. அம்மா மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குத் தவறாமல் போகிறவ. நான் வேதத்தில் சேர்ந்ததில் இரண்டு வருசம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அன்றைக்கு அடுப்பில் தண்ணி வைத்தா. குடித்துப் பார்த்துவிட்டு, "உன்ட சாமிக்கும் சிவனுக்கும் ஒரே தண்ணிதான் பிடிக்குது போல" என்றா. சபையில் யாராவது இதைக் கேட்டால் வேதாகமப்படி திருத்தம் சொல்லக்கூடும். நான் சொல்லவில்லை.

செய்முறை: பத்துப் பன்னிரண்டு பூ, இரண்டு கோப்பைத் தண்ணி. ஐந்து நிமிசம் கொதிக்க விட்டு, மூடி ஆறவிட்டு வடியுங்கள். சீனியைவிடக் கருப்பட்டி நல்லது.

ஞாயிறும் ஏணியும்

வயரிங்காரனை ஆட்கள் தேடுவது ஞாயிற்றுக்கிழமையில். அன்றுதான் வீட்டில் எல்லாரும் நிற்பார்கள். நான் ஞாயிறு வேலை செய்வதில்லை என்பதை ஊர் ஏற்றுக்கொள்ள மூன்று வருசம் எடுத்தது. அதற்குள் நல்ல வேலைகள் நாலைந்து கைமாறிப் போயின. இதில் சுகமான வழி ஒன்றும் இல்லை. ஒரு விலக்கு வைத்திருக்கிறேன்: செத்த வீட்டு லைற்று. ஓய்வுநாளில் எருது துரவில் விழுந்தால் தூக்கமாட்டீர்களா என்று லூக்காவில் இயேசு கேட்கிறார். வயற்காரர் ஊரில் அதற்கு விளக்கவுரை தேவையில்லை. போவேன், காசு வாங்கமாட்டேன்.

கூட்டத்துக்குக் கொழும்புக்கு ஒவ்வொரு கிழமையும் போக எங்களுக்கு வசதி இல்லை. கிளைத் தலைவரின் அனுமதியோடு வீட்டிலேயே திருவிருந்து எடுக்கிறோம். காத்தான்குடிப் பேக்கரிப் பாணும் கிணற்றுத் தண்ணியும். வைன் எங்களுக்கு இல்லை. பாணைப் பிட்டு, முழங்காலில் நின்று, ஜெபத்தைச் சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்ல வேண்டும். ஒரு சொல் பிசகினால் முதலில் இருந்து. மட்டக்களப்பு வாய்க்கு அந்த வேதாகமத் தமிழ் இலகுவில் வராது. என் மகள் எட்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்தவள், பொல்லாத காது. நான் ஒரு சொல்லை விட்டால் கண்ணைத் திறக்காமலே "ம்ஹும்" என்பாள். ஒருநாள் மூன்று தரம் திரும்பச் சொன்னேன். புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை: அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மனப்பாடம் என்று வீரம் காட்டாதீர்கள்.

நோன்பில் அடுத்தடுத்த இரண்டு வேளை சாப்பாடும் இல்லை, தண்ணியும் இல்லை. அந்தச் சாப்பாட்டின் காசை, முடிந்தால் கூடவும், இல்லாதவர்களுக்கென்று கொடுக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாசம் இது லேசில்லை. சனிக்கிழமை பின்னேரம் கூரைத் தகரத்தின் கீழ் வேலை வைக்காதீர்கள். காத்தான்குடியில் நான் வயர் வாங்குகிற கடையின் முஸ்லிம் நானாவிடம்தான் இந்த நுணுக்கங்களைக் கற்றேன். நோன்பைப் பற்றி அவருக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? பன்னிரண்டு வருசப் பழக்கம், ஒருநாளும் எனக்குத் தேத்தண்ணி நீட்டினதில்லை. ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டு: "உங்கட ஆக்களும் நாலு கலியாணம் முடிக்கிறதாமே?" 1890இல் எங்கள் தலைவர் வில்ஃபர்ட் வூட்ரஃப் அதை நிறுத்தச் சொன்னார் என்றேன். "அப்ப நீ லேட்டாத்தான் சேர்ந்திரிக்காய்" என்றார்.

எத்தனை வோட்டு?

தசமபாகத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் போக முடியாது. "வெள்ளைக்காரன் எவ்வளவு தந்தான்?" என்று நேராகவே கேட்பார்கள். கோபப்படாதீர்கள், மதம் மாற்றக் காசு கொடுத்த கதைகளை ஊர் கேட்டிருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள்: வருமானத்தில் பத்தில் ஒன்றை நான்தான் கொடுக்கிறேன். எங்கள் கிளைத் தலைவருக்குச் சம்பளம் இல்லை, அவர் வேறு வேலை பார்த்துத்தான் சாப்பிடுகிறார். இதைக் கேட்டதும் கேட்டவர் முகத்தில் வரும் இரக்கத்தைத் தாங்கிக்கொள்ளப் பழக வேண்டும்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலுக்கு இரண்டு கிழமை இருக்கையில், ஒரு வேட்பாளரின் ஆட்கள் மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். என்னைப் பாஸ்டர் என்று நினைத்துவிட்டார்கள். மரியாதையாக, "ஐயா, உங்கட சபையில எத்தினை வோட்டு இரிக்கும்?" என்று கேட்டார்கள். "ரெண்டு" என்றேன். "ரெண்டாயிரமா?" "ரெண்டு. நானும் பொஞ்சாதியும். மகளுக்கு வயசு காணாது. பொஞ்சாதிர வோட்ட நீங்க அவட்டத்தான் கேக்கணும்." மனைவி குசினியில் இருந்து, "நான் வீட்டுக்குத்தான்" என்று சத்தமாகச் சொன்னா. வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம். அவர்கள் வந்தது வேறு சின்னத்துக்கு. அந்தத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி நாடு முழுக்க வென்றது, மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் தமிழரசுக் கட்சி முதலாவதாக வந்தது. என் வோட்டு எங்கே போனது என்று மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறா.

சபை கட்சி சொல்வதில்லை. வேட்பாளரை ஆதரித்து மேடையில் பேசுவதும், வணக்கத்துக்குரிய கட்டடத்தைக் கட்சிக்குக் கொடுப்பதும் எங்களிடம் இல்லை. அமெரிக்காவில் 2012இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற மிட் ரொம்னி எங்கள் சபை. அதே காலத்தில் செனற்றில் ஜனநாயகக் கட்சிக்குத் தலைமை தாங்கிய ஹரி ரீட்டும் எங்கள் சபை. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை எடுத்தது ஒரே பாணும் தண்ணியும்தான். அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கட்சி வேண்டாம் என்பதை அரசியலே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, காணி, காணாமற்போனோர் என்று கதை வந்தால் வாயை மூடிக்கொள்ளும் சகோதரர்களையும் கண்டிருக்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. என் மாமாவுக்காக அம்மா கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் பதாகையோடு நின்ற நாட்களில் நானும் பக்கத்தில் நின்றேன்.

எங்கள் சபையின் பழைய கதையை ஊரில் சொல்ல விரும்பினால் ஒரு எச்சரிக்கை. 1838இல் மிசூரி ஆளுநர் லில்பர்ன் பொக்ஸ், மோர்மன்களை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டுத் துரத்த வேண்டும் என்று எழுத்திலேயே கட்டளை போட்டார். 1976இல்தான் அதை நீக்கினார்கள். இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவ கொஞ்ச நேரம் யோசித்தா. "எழுதிக் குடுத்திற்றா அடிச்சாங்க?" என்றா. "இங்க ஒரு துண்டும் தரல்லயே."

1838ஐச் சொல்கிறவன் 1857ஐயும் சொல்ல வேண்டும். அந்த வருசம் செப்ரெம்பர் 11இல் யூட்டாவின் மவுண்டன் மெடோசில், அந்த வழியாகப் போன பயணிகள் ஏறத்தாழ 120 பேரை எங்கள் ஆட்கள் கொன்றார்கள், பெண்கள் பிள்ளைகள் உட்பட. துரத்தப்பட்டவர்கள்தான் கொன்றார்கள். நான் 1990 என்று வாயைத் திறந்தால் என் மாமா ஞாபகம் வரும். கடை நானாவுக்கு அதே 1990 என்றால் ஓகஸ்ட் 3. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுடப்பட்ட இரவு. சுட்டவர்கள் பேசிய மொழி என் மொழி. அவர் கடையில் நின்று நான் என் கதையை மட்டும் சொல்லிவிட்டு வர முடியாது. இரண்டையும் சொல்ல முடியாத இடத்தில் ஒன்றையும் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். வயர் சுருளின் விலையைக் கேட்பேன்.

குடியும் கட்டமும்

எங்கள் சபையில் முன்னோர் பெயர்களைத் தேடி எழுதச் சொல்வார்கள். செத்துப்போனவர்களுக்காக ஆலயத்தில் ஞானஸ்நானம் எடுக்கும் வழக்கம் இருப்பதால் அது முக்கியமான வேலை. அதற்கொரு படிவம், தகப்பன் பக்கம் மேலே, தாய் பக்கம் கீழே. மட்டக்களப்பான் அதில் மாட்டுப்படுவான். எங்களுக்குக் குடி, என்றால் வம்சக் கிளை, தாய்வழி. கலியாணம் பேசினால் முதற் கேள்வி என்ன குடி. ஒரே குடிக்குள் முடிக்க முடியாது. கிழவிகளைக் கேட்டால் எந்தக் குடி, எந்தக் கோயிலில் என்ன உரிமை என்று ஏழு தலைமுறைக்குக் கதை வரும். தகப்பனின் தகப்பன் பெயரைக் கேட்டால் "அவரா, அவர் கட்டயாக் கறுப்பா ஒரு மனிசன்" என்பார்கள். ஆகவே தாய்ப் பக்கத்தில் தொடங்குங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போங்கள். புகையிலையை அவர்களே வைத்திருப்பார்கள், உங்களுக்கும் நீட்டுவார்கள். பாக்கை மட்டும் எடுத்து வாயில் போடுங்கள்.

பெயரை எழுதுவது வேறு, அந்தப் பெயரை ஆலயத்துக்கு அனுப்புவது வேறு. கடந்த 110 வருசத்துக்குள் பிறந்தவர் என்றால் நெருங்கிய உறவு ஒருவரின் சம்மதம் வேண்டும். அம்மா இப்போது இல்லை. அவவுக்கு நான் மூத்த மகன், என் கையெழுத்தே போதும். ஆனாலும் தம்பியைக் கேட்டேன். "அம்மா சிவனோட போயிற்றா, விடுங்க" என்றான். செத்தவர் விரும்பினால்தான் ஏற்றுக்கொள்வார், கட்டாயம் இல்லை என்று எங்கள் போதனையை விளக்கினேன். "அப்ப என்னத்துக்கு அவட்டக் கேக்காம அனுப்புறீங்க?" என்றான். அந்தக் கட்டம் இன்னும் நிரப்பாமல் கிடக்கிறது.

செத்த வீடு

மூத்த மகன் வேதத்தில் இருந்தால் தாயின் கடமைகளை யார் செய்வது? இதைச் செத்த வீட்டில் வைத்துப் பேசத் தொடங்கினால் குடும்பம் உடைந்துபோகும். உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். நான் கேட்டேன், முற்றத்தில் அம்மா நெல் புடைத்துக்கொண்டிருக்கும்போது. அவ சுளகை நிறுத்தவே இல்லை. "கொள்ளியத் தம்பி வைக்கட்டும். நீ லைற்றப் பாரு."

அப்படியே நடந்தது. தம்பி கொள்ளி வைத்தான். நான் இரவோடிரவாக முற்றத்துக்கும் ஒழுங்கைக்கும் லைற்று இழுத்தேன். ஆனால் செத்த வீட்டில் வயரிங் ஒரு மணித்தியால வேலை. பிறகு கை சும்மா நிற்கக்கூடாது. பெரிய கிடாரம் அடுப்பில் இருந்தது, பார்க்க ஆள் இல்லை. நான் போய் நின்றேன். குடிக்கத்தான் எங்களுக்கு ஆகாது, போட்டுக்கொடுக்க ஒரு தடையும் இல்லை. எட்டாம் நாளும் நான்தான், முப்பத்தோராம் நாள் அமுதுக்கும் நான்தான். இப்போது எங்கள் பகுதியில் செத்த வீடென்றால் லைற்றுக்கும் தேத்தண்ணிக்கும் சேர்த்து எனக்கு ஆள் வருகிறது. அந்த வாழைச்சேனைத் தம்பிக்கு நான் கடைசியாகச் சொன்னதும் இதுதான்: மாமி வீட்டுக்குத் திரும்பிப் போ, அடுப்படிக்குள் போ, மாமிக்கு உன் கையால் ஒன்று போட்டுக் கொடு.

நூறு பேருக்கு 12 லீற்றர் தண்ணி. நன்றாகக் கொதித்த பிறகு அடுப்பை இழுத்துவிடுங்கள். 250 கிராம் தூளைப் புதுத் துணியில் தளர்வாக முடிந்து இறக்குங்கள். இறுக்கி முடிந்தால் நடுத்தூள் நனையாது. ஐந்து நிமிசத்தில் முடிச்சைத் தூக்கிவிட வேண்டும், ஊறவிட்டால் கசக்கும். சீனி ஒன்றரைக் கிலோ, இஞ்சி தட்டிப் போட்டால் இன்னும் ஒரு பிடி கூட. நாங்கள் ருசி பார்க்க முடியாது என்பதால் பக்கத்தில் நம்பிக்கையான ஒரு ஆளை வைத்திருங்கள். எனக்கு என் மச்சான். அம்மாவின் அமுதன்று அவர் ஒரு கரண்டி வாயில் ஊற்றி, கண்ணை மூடி, ஏதோ பெரிய தீர்ப்புச் சொல்லப்போகிறவர்போல நின்றார்.

"சாயம் சரி. சீனி காணாது."

இன்னொரு பிடி போட்டேன்.